பல்மரபணு மதிப்பெண்களும் அவற்றை ஆராய்வதற்கான கருவிகளும்

சபையார் ஒருவர் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த தாள் ஒன்றைத் தம் ஆயரிடம் கொண்டுவந்து காட்டுவதாக எண்ணிக்கொள்வோம். அவருக்கு வயது நாற்பது, பிள்ளைகள் இருவர். "இதயத் தமனி நோய்: மக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைவிட உமது மரபுவழி இடர் அதிகம்" என்று அத்தாளில் அச்சிடப்பட்டிருக்கிறது. அவர் மருத்துவரிடம் கேட்கத் தயங்கிய கேள்வியை ஆயரிடம் கேட்கிறார்: "ஐயா, இது என் பிள்ளைகளுக்கும் வருமா?" இக்கேள்விக்கு ஆறுதல் மொழி மட்டும் விடையாகாது. விஞ்ஞானிகள் பார்த்துக்கொள்வர் என்று ஒதுங்குவதும் முறையன்று. அந்த எண் எங்கிருந்து வந்தது, எந்த மக்களை அளந்து அது கணிக்கப்பட்டது, அது எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பவற்றை அறிந்தவரே அத்தாளின்மேல் கைவைத்துப் பேசத் தகுதியுடையவர்.

நற்பேறாக, இவற்றை அறிவது இன்று அரிதன்று. இத்தகைய எண்களைக் கணிப்பதற்கான எடைகளும் அவற்றின் வரலாறும் பொதுவில் திறந்து வைக்கப்பட்டுள்ளன. அவற்றைத் தேடி எடுக்கவும், ஒப்பிடவும், கணிக்கவும் இலவச மென்பொருள்கள் உண்டு. அவற்றைப் பற்றி நமது மாணவருக்கும் ஆயர்களுக்கும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நாம் மரபியலார் அல்லர். கணினி அறிந்த இளைஞர் ஒருவரின் துணையோடு இக்கருவிகளுள் சிலவற்றை நாமே இயக்கிப் பார்த்த அளவில் எழுதுகிறோம்.

மதிப்பெண் என்பது யாது?

மனிதரின் மரபணுத்தொகுதியை ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்ட ஒரு நூலாக உவமிப்பது வழக்கம். எழுத்துகள் நான்கே: ஏ, சி, ஜி, டி. மூலபாட ஆய்வு கற்றவர்களுக்கு இவ்வுவமை பிறரைவிட நன்கு விளங்கும். எந்த இரு மனிதரின் நூலை ஒப்பிட்டாலும் பெரும்பகுதி ஒன்றாகவே இருக்கும். ஆங்காங்கே பாடபேதங்கள் தென்படும். ஒரே இடத்தில் ஒருவருக்கு ஏ, மற்றொருவருக்கு ஜி. இத்தகைய பேதங்கள் பல கோடி இதுவரை அறியப்பட்டுள்ளன. ஆயினும் உவமைக்கு ஓர் எல்லை உண்டு. நாம் கையெழுத்துப் பிரதிகளை ஒப்பிடும்போது மூலபாடத்தை நோக்கிச் செல்ல முயல்கிறோம். மரபணுத்தொகுதிக்கு அவ்வாறான மூலபாடம் கிடையாது. ஆய்வாளர் ஒப்புநோக்கப் பயன்படுத்தும் தொகுதி வசதிக்காகக் கொள்ளப்பட்ட ஒரு பிரதியே. அதிலிருந்து விலகுவது பிழையாகாது. இதனை மறந்தவர் மரபியலை எளிதில் தவறாகப் படிப்பர்.

சில நோய்கள் ஒரே மரபணுவின் கேட்டினால் விளைகின்றன. அரிவாள் உயிரணுச் சோகை அத்தகையது. ஆனால் நீரிழிவு, இதய நோய், மார்பகப் புற்றுநோய் ஆகியவற்றில் பெரும்பாலானவை அப்படியல்ல. நூற்றுக்கணக்கான, சிலவேளை இலட்சக்கணக்கான இடங்களிலுள்ள பேதங்கள், ஒவ்வொன்றும் மிகச் சிறிதளவாக, இடரைக் கூட்டியோ குறைத்தோ விடுகின்றன. துறவி மெண்டல் 1866-இல் வெளியிட்ட பட்டாணி ஆய்வின் விதிகளும், மனிதரின் உயரம் போன்ற தொடர் அளவுகளும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன என்று நெடுநாள் வாதிடப்பட்டது. பல சிறு காரணிகள் சேர்ந்தால் மெண்டலின் விதிகளிலிருந்தே தொடர் அளவுகள் பிறக்கும் என்று ஆர். ஏ. ஃபிஷர் 1918-ஆம் ஆண்டில் கணித வழியாகக் காட்டினார். பல்மரபணு மதிப்பெண் என்னும் கருத்தின் வேர் அங்கே இருக்கிறது.

கணக்கு மிக எளிது. ஒவ்வொருவரும் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக நூலின் இரு படிகளைப் பெற்றிருப்பதால், குறித்த ஒரு பேதம் ஒருவரிடம் 0, 1 அல்லது 2 முறை இருக்கலாம். பெருந்திரளான மக்களை ஆராய்ந்து அந்தப் பேதத்துக்கு ஓர் எடை குறிக்கப்படுகிறது. எண்ணிக்கையை எடையால் பெருக்கி, எல்லா இடங்களுக்கும் கூட்டினால் மதிப்பெண் கிடைக்கும். மூன்றே இடங்கள் உள்ள கற்பனைக் கணக்கு ஒன்றைப் பார்ப்போம். எடைகள் முறையே 0.10, கழித்தல் 0.05, 0.02, ஒருவரிடம் உள்ள எண்ணிக்கைகள் 2, 1, 0. அவரது மதிப்பெண் 0.20-இலிருந்து 0.05 போக 0.15. பள்ளி மாணவன் செய்யக்கூடிய கணக்கு இது. இடங்கள்தாம் மூன்றுக்குப் பதிலாக முந்நூறோ அறுபது இலட்சமோ ஆகின்றன. 0.15 என்னும் எண் தனியே நின்றால் பொருள் தராது என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ளலாம். ஒரு மக்கள் கூட்டத்தின் நடுவில் வைத்து, அதில் எத்தனாவது இடம் என்று பார்க்கும்போதே அது பேசத் தொடங்குகிறது. எந்தக் கூட்டத்தின் நடுவில் வைப்பது என்பதில்தான் இடர்ப்பாடு எழுகிறது. அதனைப் பின்னர்க் காண்போம்.

பட்டியல் தோன்றிய விதம்

மனச்சிதைவு நோயைப் பற்றி 2009-இல் பன்னாட்டு ஆய்வுக் குழு ஒன்று இம்முறையைப் பயன்படுத்திக் காட்டிய பின்னர், மதிப்பெண்கள் பெருகின. கட்டுரைகள் வெளிவந்தனவே தவிர, எடைகள் பலவேளை வெளிவரவில்லை. வெளிவந்தாலும் கட்டுரையின் இணைப்புகளில், ஆளுக்கொரு வடிவில், எந்த இழையைப் படித்தார்கள் என்ற குறிப்பின்றிக் கிடந்தன. ஒருவர் கண்டதை மற்றொருவர் சோதிக்க இயலவில்லை. கையெழுத்துப் பிரதியின் பெயரையும் இருப்பிடத்தையும் சொல்லாமல் "ஒரு பழைய பிரதியில் இவ்வாறு உள்ளது" என்று எழுதும் உரையாசிரியரை நாம் எவ்வளவு நம்புவோம்? ஏறத்தாழ அந்நிலையே இருந்தது.

இக்குறையைப் போக்க 2019-இல் 'பி.ஜி.எஸ். கேட்டலாக்' என்னும் பட்டியல் தொடங்கப்பெற்றது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தாரும், அதனருகே ஹிங்ஸ்டனில் உள்ள ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனத்தாரும் இதனை நடத்துகின்றனர். தனித்தனிப் பேதங்களுக்கும் நோய்களுக்குமுள்ள தொடர்பைத் தொகுக்கும் மற்றொரு பட்டியல் 2008 முதலே இருந்துவருகிறது. இது அதன் இளைய உடன்பிறப்பு எனலாம். பட்டியலை விவரிக்கும் கட்டுரை 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் 2021-இல் வெளிவந்தது. அதே ஆண்டில், மதிப்பெண் ஒன்றை வெளியிடுவோர் எவற்றைக் கட்டாயம் அறிவிக்கவேண்டும் என்று 22 கூறுகள் கொண்ட நெறிமுறையும் 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று.

பட்டியலில் ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் மாறாத எண் ஒன்று உண்டு. முதலாவது பி.ஜி.எஸ்.000001; மார்பகப் புற்றுநோய்க்காக 77 பேதங்களைக் கொண்டு 2015-இல் வெளியிடப்பெற்றது. மதிப்பெண்ணுக்கு மட்டுமன்றி, அது வெளியான கட்டுரைக்கும், அது சோதிக்கப்பட்ட மக்கள் குழுவுக்கும், ஒவ்வொரு சோதனையின் முடிவுக்கும் தனித்தனி எண்கள் இடப்பட்டுள்ளன. ஆகவே "இந்த மதிப்பெண், இந்தக் குழுவில், இவ்வளவு திறமாகச் செயற்பட்டது" என்று அதிகாரம் வசனம் காட்டுவதுபோல் எடுத்துக்காட்டலாம். இன்று பட்டியலில் சில ஆயிரம் மதிப்பெண்கள் உள்ளன.

'திறந்த தரவு' என்னும் சொல்லைக் கேட்டு அஞ்சுவோர்க்கு ஒன்று சொல்லவேண்டும். இப்பட்டியலில் எந்தத் தனிமனிதரின் மரபணுவும் இல்லை. இருப்பவை எடைகளும், ஆய்வுக் குழுக்களைப் பற்றிய தொகைக் குறிப்புகளுமே. எடைகளைக் கணிப்பதற்காகத் தம் இரத்தத்தைத் தந்த மக்களின் தனித் தரவுகள் வேறிடங்களில், அனுமதி பெற்ற ஆய்வாளர் மட்டுமே அணுகும்படி காக்கப்படுகின்றன. திறந்திருப்பது அளவுகோல், அளக்கப்பட்டவர்களின் பெயரேடு அன்று.

கருவிகள்

பட்டியலை அணுகும் எளிய வழி அதன் இணையத்தளமே. நோயின் பெயரை இட்டால் அதற்குரிய மதிப்பெண்கள் வரிசையாக வரும். ஒன்றிரண்டைப் பார்க்க இது போதும். ஆனால் ஒரு மாணவர், "பட்டியலிலுள்ள நீரிழிவு மதிப்பெண்கள் அனைத்திலும் தென்னாசியரிடையே சோதிக்கப்பட்டவை எத்தனை?" என்று அறிய விரும்பினால், பக்கம் பக்கமாகப் புரட்டுவது நாட்கணக்காகும். ஒத்தவாக்கிய சங்கிரகம் இல்லாமல் ஒரு சொல்லைத் திருமறை முழுவதும் தேடுவதற்கு அது ஒப்பாகும்.

இதற்காக, மனிதர் பார்க்கும் பக்கத்தோடு, நிரல்கள் நேரே வினவும் வாயில் ஒன்றையும் பட்டியலார் திறந்துள்ளனர். குறித்த முகவரிக்கு வினாவை அனுப்பினால், 'ஜேசன்' என்னும் கட்டமைந்த வடிவில் விடை வரும். விடைகள் பகுதி பகுதியாகவே தரப்படும். நிமிடத்திற்கு இத்தனை வினாக்கள் என்ற வரம்பும் உண்டு. பலரும் ஒரே கிணற்றில் நீர் இறைப்பதால் இவ்வரம்பு நியாயமே.

ஜேசன் விடை அடுக்குக்குள் அடுக்காக வருவதால் அதனை அப்படியே ஆராய்வது கடினம். அவ்விடத்தில் உதவுவது 'குவின்கங்க்ஸ்' என்னும் மென்பொருள் தொகுப்பு. போர்த்துக்கலின் அல்கார்வ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதனை இயற்றி, 2022-இல் 'பயோஇன்ஃபர்மாட்டிக்ஸ்' இதழில் விவரித்தனர். புள்ளியியலார் பெரிதும் பயன்படுத்தும் 'ஆர்' மொழியில் இது இயங்கும். மதிப்பெண்களை எடு, கட்டுரைகளை எடு, நோய்களை எடு, சோதனை முடிவுகளை எடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரே வரிக் கட்டளை போதும். பகுதி பகுதியாக வரும் விடைகளைத் தானே ஒன்றுசேர்த்து, ஒன்றோடொன்று தொடர்புடைய அட்டவணைகளாகப் பிரித்துத் தரும். நீரிழிவு பற்றி மேலே கேட்ட கேள்விக்கு அரைமணி நேரத்தில் விடை கிட்டும். கட்டளைகளின் பெயர்கள் செய்யும் பணியையே சொல்வதால், நிரலாக்கம் அறியாத நமக்கே அவற்றைப் பின்தொடர்வது கடினமாக இல்லை. பைத்தான் மொழி அறிந்தோர்க்குப் பட்டியலாரே வேறு சில கருவிகளைத் தருகின்றனர். எடைக் கோப்புகளைப் பதிவிறக்கி ஒரே வடிவில் சேர்ப்பது அவற்றின் வேலை.

எடைக் கோப்பு என்பது சாதாரண எழுத்துக் கோப்பே. தலைப்பில் சில வரிகள்: மதிப்பெண்ணின் எண், நோயின் பெயர், பேதங்களின் எண்ணிக்கை, கட்டுரை, பயன்படுத்தும் உரிமை. அதன்கீழ், வரிக்கு ஒன்றாகப் பேதங்கள்: எந்தக் குரோமோசோம், அதில் எத்தனாவது எழுத்து, எண்ணவேண்டிய எழுத்து எது, எடை எவ்வளவு. உரிமைக் குறிப்பை நமது மாணவர் தாண்டிச் செல்லலாகாது. சில மதிப்பெண்களை வணிக நோக்கமின்றி மட்டுமே பயன்படுத்தலாம் என்று ஆக்கியோர் வரையறுத்துள்ளனர்.

"எத்தனாவது எழுத்து" என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் வாசகர்க்கு அது புதிதன்று. எபிரேயத் திருமறையின் 23-ஆம் சங்கீதம் செப்துவஜிந்தில் 22-ஆம் சங்கீதமாக இருப்பதை நாம் அறிவோம். எண்ணை மட்டும் கொடுத்து, எந்தப் பதிப்பு என்று சொல்லாவிட்டால் வேறு சங்கீதத்தையே வாசிப்போம். மரபணுத்தொகுதிக்கும் பதிப்புகள் உண்டு. 2009-இல் வந்த 37-ஆம் பதிப்பும் 2013-இல் வந்த 38-ஆம் பதிப்பும் இன்று வழக்கில் உள்ளன. ஒரே பேதம் இரண்டிலும் வெவ்வேறு எண்ணில் நிற்கும். பட்டியலார் இதனை உணர்ந்து, ஒவ்வொரு மதிப்பெண்ணையும் இரு பதிப்புகளின் எண்களிலும் ஒத்திசைத்து வைத்துள்ளனர். மற்றொரு சிக்கல் இழையைப் பற்றியது. டி.என்.ஏ. இரட்டை இழை, ஓர் இழையில் ஏ இருந்தால் எதிரிழையில் டி இருக்கும், சி-க்கு எதிரே ஜி. ஓரிடத்தின் பேதமே ஏ, டி என்னும் இரண்டாக இருக்குமானால், எவர் எந்த இழையைப் படித்தார் என்பதை எழுத்தைக்கொண்டு மட்டும் அறிய இயலாது. இவ்வாறு ஐயத்துக்குரிய இடங்களைக் கருவிகள் அடையாளம் கண்டு ஒதுக்கிவைக்கின்றன.

இறுதியாக, கணிக்கும் கருவி. 'பி.ஜி.எஸ்.சி. கால்க்' என்பது அதன் பெயர். பதிவிறக்குதல், இடங்களைப் பொருத்துதல், பெருக்கிக் கூட்டுதல், ஒப்பிடுதல் ஆகியவற்றை ஒரே ஓட்டத்தில் செய்து அறிக்கையும் எழுதித் தரும். பட்டியலார் 2024-இல் இதனை விரிவாக விவரித்தனர். மதிப்பெண்ணுக்குரிய பேதங்களில் நூற்றுக்கு 75-க்குக் குறைவாகவே ஒருவரின் தரவில் பொருந்துமானால், வேறுவிதமாகப் பணிக்காதவரை அது கணிக்க மறுத்துவிடும். இந்த மறுப்பு நமக்கு மிகவும் பிடித்திருந்தது. பாதி ஏடு சிதைந்த சுவடியைக்கொண்டு முழு நூலுக்கு உரை எழுதத் துணிவோர் கற்றுக்கொள்ளவேண்டியது இது. கணிப்பு நம் சொந்தக் கணினியிலேயே நடைபெறுவதால், மரபணுத் தரவு வெளியே செல்வதில்லை என்பதும் கருதத்தக்கது.

ஒரு மதிப்பெண்ணைத் திறந்து பார்த்தல்

நாம் எடுத்துப் பார்த்தது பி.ஜி.எஸ்.000004. மார்பகப் புற்றுநோய்க்கான இம்மதிப்பெண் 2019-இல் வெளியானது. 313 பேதங்கள் கொண்டது. இதனை உருவாக்க 69 ஆய்வுகளிலிருந்து, நோயுற்ற பெண்கள் 94,075 பேரும் நோயற்ற பெண்கள் 75,017 பேரும் எடுத்துக்கொள்ளப்பட்டனர். இவர்கள் அனைவரும் ஐரோப்பிய மரபினர். பின்னர், முன்கூட்டியே சேர்க்கப்பட்டு ஆண்டுக்கணக்காகத் தொடரப்பட்ட வேறு பெண்களிடம் சோதித்தபோது, மதிப்பெண் ஒரு திட்ட விலக்கம் உயர்ந்தால் நோய்க்கான சார்பு விகிதம் 1.61 மடங்காகிறது எனக் கண்டனர்.

அப்படியானால் நோயுறுவோரை இது எவ்வளவு நன்றாகப் பிரித்துக் காட்டுகிறது? அதற்குரிய அளவு 0.63 என்று அதே பதிவில் உள்ளது. நோயுற்ற ஒருத்தியையும் நோயற்ற ஒருத்தியையும் குருட்டுவாக்கில் தெரிந்தெடுத்தால், நூற்றுக்கு 63 தடவை நோயுற்றவளின் மதிப்பெண் உயர்ந்திருக்கும் என்பது அதன் பொருள். காசைச் சுண்டிப் பார்த்தாலே நூற்றுக்கு 50 கிடைக்கும். 63 என்பது பயனற்றதன்று. பல்லாயிரவர் கொண்ட நாட்டில் யாரை முன்னதாகப் பரிசோதனைக்கு அழைப்பது என்று முடிவுசெய்ய அது உதவலாம். ஆனால் தனியொருத்தியைப் பார்த்து, "உனக்கு வரும்" என்றோ "உனக்கு வராது" என்றோ தீர்ப்புக் கூறும் வலிமை அதற்கில்லை. மேலும், பி.ஆர்.சி.ஏ. மரபணுக்களில் அரிதாகக் காணப்படும் கடும் கேடுகள் இந்த 313-இல் அடங்கா. மதிப்பெண் தாழ்ந்திருப்பதைக் கண்டு, தாயும் தமக்கையும் இந்நோயால் இறந்த ஒரு பெண் பரிசோதனையைக் கைவிட்டால், அது பெருந்தவறாகும்.

நாம் தொடக்கத்தில் கூறிய தாளிலும் இதே குழப்பம் பதுங்கியிருக்கிறது. "நூற்றுக்குத் தொண்ணூறு பேரைவிட அதிகம்" என்பது வரிசையில் அவர் நிற்கும் இடம். நோய் வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூறு என்பதன்று. பத்தாண்டுகளில் நூற்றுக்கு இருவர் நோயுறும் கூட்டத்தில் ஒருவரது இடர் இரட்டிப்பானால், அது நூற்றுக்கு நான்கு ஆகும். எஞ்சிய தொண்ணூற்றாறு பேருக்கு நோய் வராது. அச்சத்தால் உறக்கம் இழந்தவரிடம் இவ்விரண்டையும் பிரித்துச் சொல்வதே பெரும் உதவி.

யாரை அளந்த கோல்?

இப்பட்டியலின் சிறந்த கூறு எது என்று கேட்டால், ஒவ்வொரு மதிப்பெண்ணின் அருகிலும் வைக்கப்பட்டுள்ள மூன்று சிறு வண்ண வட்டங்களைச் சுட்டுவோம். பேதங்களைக் கண்டறிய உதவியவர், மதிப்பெண்ணை உருவாக்க உதவியவர், அதனைச் சோதிக்க உதவியவர் ஆகிய மூன்று குழுக்களிலும் எந்த மரபினர் எவ்வளவு என்பதை அவை காட்டுகின்றன. பெரும்பாலான வட்டங்களில் ஒரே வண்ணம் ஓங்கியிருப்பதைக் காண்பதற்கு விளக்கம் தேவையில்லை.

மரபணுத் தொடர்பாய்வுகளில் பங்குபெற்றோருள் ஏறத்தாழ 79 விழுக்காட்டினர் ஐரோப்பிய மரபினர் என்றும், உலக மக்கள்தொகையில் அவர்கள் 16 விழுக்காடே என்றும் அலிசியா மார்ட்டினும் அவருடைய தோழர்களும் 2019-இல் சுட்டிக்காட்டினர். அம்மதிப்பெண்களைத் தென்னாசியரிடம் பயன்படுத்தினால் துல்லியம் ஒன்றரை மடங்குக்கும் மேலாகக் குறைகிறது. ஆப்பிரிக்க மரபினரிடம் நான்கு மடங்குக்கும் மேல். காரணம் ஆப்பிரிக்கரின் உயிரியல் வேறு என்பதன்று. எடை குறிக்கப்பட்ட பேதம் பெரும்பாலும் நோய்க்குக் காரணமான பேதத்தின் அண்டை வீட்டாரே. ஒரு மக்களிடம் இருவரும் சேர்ந்தே காணப்படுவதால் ஒருவரைக் கொண்டு மற்றவரை அறிகிறோம். வேறொரு மக்களிடம், நெடுங்கால வரலாற்றினால், அந்த அண்டை உறவு மாறியிருக்கும். பேதங்கள் காணப்படும் விகிதமும், வாழும் சூழலும் மாறும். ஐரோப்பாவில் வெட்டிய அச்சு, வேறிடத்தில் சரியாகப் பொருந்துவதில்லை.

பி.ஜி.எஸ்.சி. கால்க் இதில் ஒரு பகுதியைச் சரிசெய்ய முயல்கிறது. ஒருவரின் மரபணுவை உலகின் பல மக்களடங்கிய ஒப்புநோக்குத் தொகுதியோடு வைத்துப் பார்த்து, அவர் மரபால் யாருக்கு அருகில் இருக்கிறார் என்று கண்டு, அவர்கள் நடுவிலேயே அவருடைய இடத்தைக் குறிக்கிறது. இத்தொகுதியின் பெரும்பகுதி, 'ஆயிரம் மரபணுத்தொகுதிகள்' என்னும் பன்னாட்டுத் திட்டத்திலிருந்து வந்தது. அதன் இறுதிக் கட்டத்தில் 26 மக்கட்குழுக்களைச் சேர்ந்த 2,504 பேர் இடம்பெற்றனர். தென்னாசியர் 489 பேர். அவர்களுள் 102 பேர் ஐக்கிய இராச்சியத்தில் வாழும் இலங்கைத் தமிழர். பஞ்சாபியர் லாகூரிலும், வங்காளியர் பங்களாதேஷிலும் சேர்க்கப்பட்டனர். தமிழரும் தெலுங்கரும் பிரித்தானியாவிலும், குஜராத்தியர் ஹூஸ்டன் நகரிலும் சேர்க்கப்பட்டனர். கடல் கடந்து சென்ற நூற்றிருவர், தம்மை அறியாத கோடிக்கணக்கான தமிழருக்காக இந்தத் தொகுதியில் நிற்கின்றனர்.

இத்திருத்தம் வரிசையில் நிற்கும் இடத்தை நேராக்கும், எடைகளை நேராக்காது. கோணிய கோலால் அளந்துவிட்டு, அளவுகளை நம்மவரோடு மட்டும் ஒப்பிட்டுக்கொள்வது போன்றது இது. எடைகளே சரியாக வேண்டுமானால், நம் மக்களிடையே ஆய்வுகள் நடைபெறவேண்டும். முயற்சிகள் இல்லாமலில்லை. இதயத் தமனி நோய்க்கான மதிப்பெண் ஒன்று பிரித்தானியா, பங்களாதேஷ், இந்தியா ஆகிய நாடுகளில் தென்னாசியரிடையே சோதிக்கப்பட்ட விவரம் 2020-இல் வெளியாயிற்று. 'ஜீனோம் இந்தியா' திட்டத்தில் தொகுக்கப்பட்ட ஏறத்தாழ 10,000 இந்தியரின் மரபணுத் தரவுகள், 2025 ஜனவரியில், முறையான அனுமதியோடு ஆய்வாளர் அணுகும்படி ஃபரீதாபாத்தில் உள்ள தரவு மையத்தின் வழியே திறக்கப்பட்டன.

ஒரு பெயரைப் பற்றி

குவின்கங்க்ஸ் என்னும் பெயரைக் கண்டதும் நாம் சற்று நின்றோம். பகடையின் ஐந்தாம் முகத்தில் புள்ளிகள் அமைந்திருக்கும் விதத்துக்கு இலத்தீனில் அப்பெயர். பிரான்சிஸ் கால்ட்டன் என்னும் ஆங்கிலேயர், அவ்விதமாக ஆணிகள் அறைந்த ஒரு பலகையைச் செய்வித்து அதற்கு அப்பெயரை இட்டார். மேலிருந்து விழும் குண்டுகள் ஒவ்வோர் ஆணியிலும் இடமோ வலமோ திரும்பி, அடியில் மணி வடிவமாகக் குவியும். எண்ணற்ற சிறு தற்செயல்களிலிருந்து ஓர் ஒழுங்கு பிறப்பதைக் காட்டும் அழகிய கருவி அது. மதிப்பெண்களின் பரவலும் அதே வடிவினதாகையால் பெயர் பொருத்தமானதே.

ஆனால் அதே கால்ட்டன்தான் 1883-இல் 'யூஜெனிக்ஸ்' என்னும் சொல்லைப் படைத்தவர். தகுதியுடையோர் பெருகவும் தகுதியற்றோர் குறையவும் இனத்தைத் திருத்தவேண்டும் என்னும் அக்கொள்கை, அமெரிக்காவில் கட்டாயக் கருத்தடைச் சட்டங்களாகவும், ஜெர்மனியில் பெருங்கொலையாகவும் முடிந்தது. இதில் நமது பங்கை மறைக்கலாகாது. அமெரிக்க யூஜெனிக்ஸ் சங்கம் 1926-இல் அக்கொள்கையைப் பற்றிய பிரசங்கப் போட்டி ஒன்றை நடத்திற்று. புராட்டஸ்டண்ட் ஆயர் பலர் பிரசங்கங்களை எழுதி அனுப்பினர். இலண்டன் தூய பவுல் பேராலயத்தின் தலைமைக் குருவாக 1911 முதல் 1934 வரை இருந்த டபிள்யூ. ஆர். இங் அக்கொள்கையின் பெயர்பெற்ற ஆதரவாளர். அவர்கள் கொடியவர்கள் அல்லர், கற்றவர்கள். தங்கள் காலத்து அறிவியலை வரவேற்பதாகவே எண்ணினர். அந்த அறிவியல் எந்த எண்களின்மேல் நிற்கிறது என்று அவர்கள் கேட்கவில்லை. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி 2020-இல் தன் விரிவுரை மண்டபத்திலிருந்து கால்ட்டனின் பெயரை நீக்கியது.

இது பழங்கதை அன்று. அமெரிக்காவில் சில வணிக நிறுவனங்கள், செயற்கைக் கருவூட்டலில் உருவான கருக்களுள் எதனைக் கருப்பையில் வைப்பது என்று தெரிவுசெய்ய இம்மதிப்பெண்களை விற்கின்றன. இவ்வழக்கம் நிறுவப்படாதது, நெறியற்றது என்று ஐரோப்பிய மனித மரபியல் சங்கத்தின் சார்பில் 2022-இல் எழுதப்பட்டது. கல்வி அடைவுக்கான மதிப்பெண்ணும் உண்டு. 30 இலட்சம் மக்களை ஆராய்ந்து 2022-இல் வெளியான அது, கல்வி ஆண்டுகளின் வேறுபாட்டில் 12 முதல் 16 விழுக்காடு வரையே விளக்கியது. அதிலும், குடும்பங்களுக்குள் ஒப்பிட்டுப் பார்த்தபோது அதன் தொடர்பு ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கிற்று. எஞ்சிய பாதி, பெற்றோர் அமைத்துத் தந்த வீட்டையும் சூழலையும் மரபணுவின் கணக்கில் எழுதியதாகவே தோன்றுகிறது. நம் நாட்டில் பிறப்பைக்கொண்டு அறிவை அளந்த பழக்கம் எத்தனை நூற்றாண்டுகள் நிலைத்தது என்பதை அறிந்த நாம் இதனை மேலோட்டமாகப் படிக்க இயலாது.

இனி, தாளோடு வந்தவரிடம் திரும்புவோம். அவரிடம் முதலில் கேட்கவேண்டியது, தாளில் பி.ஜி.எஸ். என்று தொடங்கும் எண் உள்ளதா என்பது. இருந்தால், யாரை அளந்து அது செய்யப்பட்டது, தென்னாசியரிடையே சோதிக்கப்பட்டதா, அங்கே எவ்வாறு செயற்பட்டது என்பவற்றைப் பட்டியலில் பார்க்கலாம்; நமது இறையியல் மாணவர் ஒருவரே பார்த்துச் சொல்லிவிடுவார். எண் இல்லையாயின் ஆய்வுக்கூடத்தை எழுதிக் கேட்கும்படி கூறலாம். கேட்பதற்கு அவருக்கு உரிமை உண்டு. இரத்த அழுத்தம், கொழுப்பு, புகைபிடித்தல் ஆகியவற்றைப் பற்றி மருத்துவர் கூறுவதை அவர் இத்தாளுக்காகத் தள்ளிப்போடலாகாது.

பிள்ளைகளைப் பற்றிய கேள்விக்கும் விடை உண்டு. ஒவ்வொரு பிள்ளையும் அவருடைய பேதங்களில் பாதியையே பெறுகிறது, மறுபாதி தாயிடமிருந்து. எந்தப் பாதி என்பது ஒவ்வோர் இடத்திலும் குண்டு ஆணியில் மோதித் திரும்புவதுபோலத் தற்செயலாய் அமைகிறது. ஆகவே பிள்ளைகளின் மதிப்பெண் பெற்றோர் இருவரின் சராசரியைச் சுற்றிப் பரவி நிற்கும். அவருடைய இரு பிள்ளைகளுள் ஒருவர் தந்தையைவிட மிகத் தாழ்ந்த மதிப்பெண்ணும், மற்றவர் உயர்ந்த மதிப்பெண்ணும் பெற்றிருக்கக்கூடும். தந்தையின் தாளைப் பார்த்து அவ்விருவருள் யார் எவர் என்று எவராலும் சொல்ல இயலாது.